பனி பெய்யாத நாட்டில் பனிப்படம்

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ‘எங்கள் குடும்பப் படம்’ என்னும் தலைப்பைக் கொடுத்து, வீட்டிலிருந்து ஆளுக்கொரு நிழற்படம் கொண்டுவருமாறு கூறியிருந்தேன். மறுநாள் என் மேசைமீது வந்து குவிந்த படங்களுள் இரண்டு என் உறக்கத்தைக் கெடுத்தன. இக்கட்டுரை அவ்விரண்டு படங்களின் விளைவேயாகும்.

முதற்படம் ஒரு மாணவியுடையது. பெரியது, பளபளப்பானது. பின்னணியில் வெண்பனி போர்த்திய ஊசியிலை மரங்கள். தரையெங்கும் பஞ்சுப் பனி. சிறுமியின் தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் கம்பளித் துண்டு, கைகளில் உறை. அவளுக்குப் பின்னால் வேட்டி கட்டிய தாத்தாவும் பட்டுச்சேலை உடுத்திய பாட்டியும், வழி தவறி வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்களைப் போல் நின்றிருந்தனர். “இஃது எங்கே எடுத்த படம், அம்மா?” என்று கேட்டேன். “கடையில், ஐயா” என்றாள். “எந்த மாதத்தில்?” சற்றே தயங்கி, “குளிர்காலத்தில், ஐயா” என்றாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. கிள்ளானில் பிறந்து கிள்ளானில் வளர்ந்த குழந்தைக்குக் குளிர்காலம் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் என்னை வருத்தியது.

இரண்டாவது படம் ஒரு மாணவனுடையது. உள்ளங்கையளவு கருப்பு வெள்ளைப் படம். ஒரு மூலை கறையான் அரித்திருந்தது. அவனுடைய கொள்ளுப்பாட்டி ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னே இலையனைத்தும் உதிர்த்துக் கிளைகள் மட்டும் வானத்தில் கோடு கிழிக்க, வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். படத்தைத் திருப்பினேன். பின்புறத்தில் மங்கிய மையில் தோட்டத்தின் பெயர், குழந்தையின் பெயர், ஆண்டு. அவற்றின் கீழே: “மாசி மாதம். இலை கொட்டும் நேரம். பிள்ளைக்கு எட்டு மாதம்.”

ஒரு படம் பொய் சொல்கிறது. மற்றொரு படம் மெய் சொல்கிறது. பொய் சொல்வது விலையுயர்ந்த சட்டத்துக்குள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. மெய் சொல்வதோ பழைய பிஸ்கட் தகரத்துக்குள் கறையானுக்கு இரையாகிறது. இந்நிலையைப் பற்றித் தமிழாசிரியர்களாகிய நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசப்போகிறார்கள்?

நமக்குப் பருவம் இல்லையா?

“இந்நாட்டில் ஏது பருவம்? ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் மழை. படத்திலாவது ஒரு மாறுதல் இருக்கட்டுமே” என்பார் உளர். கற்றவர்களும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த பாலர் பள்ளிகள் சிலவற்றின் சுவர்களில் வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கு வண்ணப்படங்கள் தொங்குகின்றன. அந்நான்கில் மூன்று, அங்கே பயிலும் குழந்தைகள் கண்ணால் கண்டறியாதவை. அவர்கள் கண்டறிந்த பருவங்களுக்கோ சுவரில் இடமில்லை.

மலாயாத் தமிழனுக்கு இலையுதிர் காலத்தைக் கற்றுக்கொடுக்க ஐரோப்பா வரவேண்டியதில்லை. பிரேசில் நாட்டுக்குரிய ரப்பர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை வழியாக 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. வந்த மரம் தன் பருவத்தையும் உடன் கொண்டுவந்தது. தை, மாசி மாதங்களில் மழை குறைந்து நிலம் வறளும்போது ரப்பர் இலைகள் மஞ்சளாகி, செம்பாகி, உதிர்ந்துவிடும். காடு முழுவதும் காலடியில் சரசரக்கும். சில வாரங்களில் செம்புநிறத் தளிர்கள் தலைகாட்டிப் பின்பு பச்சையாகும். இலை கொட்டும் காலம் பால் குறையும் காலம். பால் குறைந்தால் கூலி குறையும். இலையுதிர் காலம் என்றால் என்னவென்று நம் முன்னோர் தம் வயிற்றினால் அறிந்திருந்தனர். பின்னர்க் காய்கள் முற்றி, நண்பகல் வெயிலில் படீரென்று வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். அவ்விதைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டப் பிள்ளை உண்டா?

இஃது ஒரு பருவம். இன்னும் எத்தனையோ உண்டு. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைக் கலக்கும். ஆண்டின் நடுப்பகுதியில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் சந்தையை நிறைக்கும். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்கள் ஆண்டுக்கு இரு முறை பச்சையாகிப் பொன்னாகும். வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்துவிட்டால் போதும். சாலையோரத்து அங்சானா மரங்கள் மஞ்சட் பூக்களைக் கொட்டித் தார்ச்சாலையை மறைத்துவிடும். அந்த அங்சானா, சங்கப் புலவர்கள் பாடிய வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? வேங்கையின் உறவு வீட்டு வாசலில் பூத்து நிற்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்டையில் வரைந்த பனிமரத்தின் முன்னே பிள்ளையை நிறுத்துகிறோம்.

தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும்போது மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று படம் எடுத்துக்கொள்கின்றனர், மகிழத்தக்க செய்தியே. ஆனால் அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன? ‘மலேசியச் சக்குரா’, ‘சிங்கப்பூர்ச் சக்குரா’. நம் தெருவில் பூப்பதைக்கூட இன்னொரு நாட்டுப் பூவின் பெயரால்தான் நம்மால் நேசிக்க முடிகிறது!

தொல்காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த மரபு நம்முடையது. முல்லைக்குக் கார்காலம், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் என்று இடத்தோடு காலத்தைப் பிணைத்தது அம்மரபு. மனித உணர்ச்சியாகிய உரிப்பொருளைப் பாட வந்த புலவனும் முதலில் கால் ஊன்றி நின்றது நிலத்திலும் பொழுதிலுமே. ‘பனி’ என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். முன்பனியும் பின்பனியும் புல்நுனியில் நிற்கும் பனித்துளியைக் குறித்தனவேயன்றி, முழங்காலளவு மூடும் வெண்பனியை அல்ல. தமிழகத்தின் அறுவகைப் பெரும்பொழுதும் இம்மண்ணுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று நான் வாதிடவில்லை. அங்கே ஆவணியும் புரட்டாசியும் கார். இங்கே கிழக்குக் கரையின் பெருமழை ஐப்பசிக்குப் பின்பே கனக்கிறது. அன்றைய புலவன் தன் நிலத்தைக் கண்ணால் பார்த்துப் பருவத்துக்குப் பெயரிட்டான். அந்தக் கொள்கையைத்தான் நாம் பின்பற்ற வேண்டும். தோட்டத்துத் தாய் அதைப் பின்பற்றினாள். ‘இலை கொட்டும் நேரம்’ என்று எழுதினாளே, அது மலேசியத் தமிழ் தனக்குத் தானே கண்டுகொண்ட பெரும்பொழுது.

பெயரற்ற படங்களின் வரலாறு

ஒரு படத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்போர், இம்மண்ணில் தமிழன் படத்தில் எவ்வாறு இடம்பெற்றான் என்னும் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். நான்கே ஆண்டுகளில், 1843இல், தங்குவிடுதி நடத்திய துத்ரோங்குவா என்பவர் சிங்கப்பூரில் உருவப்படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். 1862இல் ஜான் தாம்சன் வந்தார்; 1867இல் லாம்பர்ட் தம் கூடத்தைத் திறந்தார். வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவி மக்களும் படமாயினர். படத்தின் கீழே அவர்தம் பெயர்கள் இருந்தன. தமிழரும் படமாயினர். ஆனால் எவ்வாறு? ‘இவ்வினத்து ஆண்’, ‘இவ்வினத்துப் பெண்’ என்று வகை காட்டும் பொருளாக, அஞ்சலட்டையில் அச்சிட்டு அயல்நாட்டுக்கு அனுப்பும் வேடிக்கையாகப் படமாயினர். பெயர் இல்லை, ஊர் இல்லை, யாருக்கு மகள், யாருக்குத் தாய் என்பது இல்லை. பின்னாளில் இழிசொல்லாகவே நிலைத்துவிட்ட ‘கிள்ளிங்’ என்னும் ஓர் இனப்பெயர்தான் இருந்தது. அப்படங்களில் நம்மை நேராக நோக்கும் அக்கண்கள் யாருடையவை என்று இன்று கேட்டால் விடை கூற எவரும் இலர்.

அடுத்து, 1942இலும் 1943இலும் சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா மரண இரயில்பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்டனர். போன தந்தையின் முகத்தை நினைவுகூர ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எத்தனை! முகமறியாத பாட்டனுக்கு ஒரு செம்பில் நீர் வைத்துப் படைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பின்பு 1948இல் அவசரகாலம். 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று சட்டம் வந்தது; அடையாள அட்டைக்காக முகம் படமாயிற்று; கட்டைவிரல் ரேகை பதிவாயிற்று. தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதுவே வாழ்க்கையின் முதற்படம். அதில் பெயர் இருந்தது, உண்மை. எனினும் அது காவலுக்காக எடுத்த படமேயன்றி அன்புக்காக எடுத்த படமன்று.

இவற்றுக்கெல்லாம் பின்புதான், கூலியில் மிச்சம் பிடித்த சில வெள்ளிகளைக் கொண்டு, குளித்து, எண்ணெய் தடவி, வாரி முடித்து, பட்டணத்துக் கடைக்குப் போயோ, மிதிவண்டியில் தோட்டந்தோறும் வந்த படக்காரரை அழைத்தோ, நம் குடும்பங்கள் தாமே விரும்பி, தம் பிள்ளைகளுக்காகப் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கின. வகைப்பொருளாக நின்றவன் குடும்பத் தலைவனாக நாற்காலியில் அமர்ந்தான். பெயரற்ற பெண் தன் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதினாள்; எழுதத் தெரியாதவள் கிராணியையோ பள்ளி வாத்தியாரையோ கொண்டு எழுதுவித்தாள். இஃது ஒரு சமுதாயம் தன் முகத்தைத் தானே மீட்டுக்கொண்ட நிகழ்ச்சி என்பேன். அவ்வாறு மீட்ட முகத்தைத்தான் இன்று நாமே மீண்டும் ஊரற்றதாகவும் பருவமற்றதாகவும் பெயரற்றதாகவும் ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கடைகளும் திரை தொங்கவிட்டனவே?

இங்கே ஒரு நேர்மையான மறுப்புக்கு விடை கூறியாக வேண்டும். “பழைய கடைகளிலும் மாளிகைப் படிக்கட்டும் அன்னப்பறவை நீந்தும் ஏரியும் எழுதிய திரைகள் தொங்கவில்லையா? கடைக்காரர் இரவல் கொடுத்த மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் தாத்தா நிற்கவில்லையா? அன்று பொய்யாகாதது இன்று மட்டும் பொய்யாகுமா?”

ஆம், நின்றார். என் பாட்டனார் படத்திலும் ஓர் ஏரி உண்டு. அதை நான் மறைக்கவில்லை, இகழவும் இல்லை. ஆனால் இரண்டு வேறுபாடுகளைக் கருத வேண்டும். லயத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும் உடையவன், மூன்றாண்டுக்கு ஒரு முறை படம் எடுக்கும்போது மாளிகைப் படிக்கட்டின் முன்னே நின்றான் என்றால், தன்னைக் கூலி என்று அழைத்த உலகத்துக்கு அவன் கூறிய மறுமொழி அது. அவனுக்குக் கேமராவும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. விரும்பிய இடத்தில், விரும்பிய நேரத்தில் எடுக்கலாம். எல்லாம் கைக்கு எட்டியபின்பும் பொய்யைத் தேடிப் பணம் கொடுத்து வாங்குவது அவன் செய்தது போன்றதாகுமா?

இரண்டாவது வேறுபாடு இதனினும் பெரிது. அவன் திரையின் முன்னே நின்றாலும் படத்தின் பின்னே மெய்யை எழுதினான். ஏரி பொய்யானாலும், ‘இன்ன தோட்டம், இன்ன ஆண்டு, இன்னார் மகன்’ என்பது மெய். நம் படங்களுக்கோ பின்புறமே இல்லை. தொலைபேசித் திரையைத் திருப்பினால் என்ன எழுதியிருக்கும்?

நிறத்தைத் திருத்தும் கை

பருவத்தைப் பொய்யாக்கிய கை அதனோடு நிற்கவில்லை. பிள்ளையின் நிறத்தையும் திருத்தத் தொடங்கியிருக்கிறது. என் உறவினர் வீட்டுக் குழந்தையின் முதலாண்டு நிறைவுப் படத்தைக் கடையிலிருந்து வாங்கி வந்தபோது, அக்குழந்தையின் மாநிறம் எங்கோ போயிருந்தது. பால்நிறத்தில் வேறொரு பிள்ளை புன்னகைத்தது. “சும்மா கொஞ்சம் வெளிச்சம் கூட்டினோம்” என்றாராம் படக்காரர். அதற்குத் தனிக் கட்டணமும் இல்லையாம்! இதில் படக்காரரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. “கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள்” என்று கேட்கும் பெற்றோர் இருக்கும்வரை அவர் தம் தொழிலைச் செய்கிறார், அவ்வளவே.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. மேலைநாட்டு நிறப்படச் சுருள்களைக் கழுவி அச்சிடும் கூடங்கள் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை நிறச் சோதனைக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தன; ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் அச்சு சரி. கருநிறத்தவரின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தால் அது முகத்தின் குற்றமாகக் கருதப்பட்டது. பல நிறத்தவரையும் கொண்ட சோதனை அட்டைகள் 1990களில்தான் பரவின. அளவுகோல் தவறு என்று அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்ட பின்பும், நம் வீட்டுக்குள் அந்த அளவுகோலை நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கரிய முகத்தை அழகாகப் படமெடுக்க வெளுப்பூட்டத் தேவையில்லை. ஒளியை அறிந்தால் போதும். நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியது. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டி நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். அப்போது எடுக்கும் படத்தில் நெற்றி வெளுத்துக் கண்குழி இருளும். பிள்ளையின் முகத்தில் கிழவனின் நிழல் விழும். காலை எட்டு மணியளவில் சாய்ந்து வரும் வெயிலில் எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் வீட்டுத் திண்ணையிலோ கடைத்தெரு அஞ்சடியிலோ நிழலில் நிறுத்தி, வெளியே வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றினும் சிறந்தது மழைக்கால ஒளி. மேகம் மூடிய வானம் மாபெரும் வெள்ளைத் துணியைப் போல் ஒளியை எங்கும் பரப்பித் தரும். கடுநிழல் இராது, கரிய கன்னத்தின் மினுமினுப்பு அப்படியே பதியும். நம் நிறத்துக்கு ஏற்ற ஒளியை நம் பருவமே இலவசமாகத் தருகிறது. அதை விட்டுவிட்டுச் செயற்கைப் பனியின் நடுவே குழந்தையை வெளுக்கவைப்பது என்ன அறியாமை!

ஆயிரம் படங்களும் ஒரு படமும்

“நாங்கள் ஒரு படமா எடுக்கிறோம்? நாள்தோறும் நூறு எடுக்கிறோம். எங்கள் பிள்ளையின் வாழ்வில் பதிவாகாத நாளே இல்லை” என்று இளம்பெற்றோர் கூறுவதுண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: சென்ற தீபாவளிக்கு முந்தைய தீபாவளியன்று பிள்ளையைத் தாத்தாவுடன் எடுத்த படத்தை இப்போது காட்ட முடியுமா? விரல் திரையில் தேயத் தேய மேலும் கீழும் தள்ளுகின்றனர். “பழைய தொலைபேசியில் இருந்தது” என்கின்றனர். பழைய தொலைபேசி எங்கே? உடைந்துவிட்டது, விற்றுவிட்டோம், கடவுச்சொல் மறந்துவிட்டது.

காகிதப் படத்துக்கும் கேடு உண்டு என்பதை அறியாதவன் அல்லேன். நம் நாட்டின் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். 1970களிலும் 1980களிலும் நாம் ஆசையாக வாங்கிய ஒட்டுப்பசைத் தொகுப்புகள் படத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டா. அக்கால வண்ணப் படங்கள் பல சாயம் மங்கிச் செந்நிறம் மட்டும் எஞ்சி நிற்கின்றன. 2021 டிசம்பரில் சிலாங்கூரின் பல குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கியபோது, என் உறவினர் ஒருவர் சேற்றில் ஊறிய படத்தொகுப்பை வெயிலில் பிரித்து வைத்துக்கொண்டு, தளவாடங்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், அதன்முன்னே அமர்ந்திருந்ததைக் கண்டேன். காகிதம் அழியும், மின்பதிவும் அழியும். ஆகவே இரண்டிலும் வையுங்கள் என்பதே என் கோரிக்கை. கருவிக்குள் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். காகிதத்தில் இருப்பதைக் கருவியில் பதிந்து உறவினர் மூவருக்கு அனுப்பிவையுங்கள்.

எண்ணிக்கை மிகுந்துவிட்டால் நினைவு மிகுந்துவிடும் என்று எண்ணுவது மயக்கம். அமெரிக்க நிழற்படக் கலைஞர் நிக்கலஸ் நிக்சன் தம் மனைவியையும் அவர்தம் சகோதரியர் மூவரையும் 1975 முதல் ஆண்டுக்கொரு படமாக, அதே வரிசையில் நிற்கவைத்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எடுத்து வந்தார். ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. அப்படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பவர், காலம் நான்கு முகங்களின்மீது நடந்து செல்வதைக் காண்கின்றனர். அதற்கு அவர் பனித்திரையைத் தேடவில்லை. வேண்டியிருந்தது ஒழுங்கும் பொறுமையுமே.

இழப்பது யாது?

இதனால் என்ன நட்டம் என்பார்க்கு ஓர் ஊரின் கதையைக் கூறுகிறேன். இன்று மலேசிய அரசாங்கத்தின் நிருவாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயா, முன்பு பிராங் புசார் என்னும் ரப்பர்த் தோட்டம். 1921இல் தொடங்கப்பட்ட அத்தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பால் வெட்டினர், பிள்ளை பெற்றனர், கோயில் எழுப்பினர். 1999இல் அரசாங்க நிருவாகம் அங்கே இடம் பெயரத் தொடங்கியது. இன்று அங்கே அகன்ற சாலைகளும் ஏரியும் எழில்மிகு கட்டடங்களும் உள்ளன. லயம் இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை, பெரட்டுக்களம் இல்லை. இதே போன்று வீடமைப்புத் திட்டமாகவும் நெடுஞ்சாலையாகவும் செம்பனைக் காடாகவும் மாறிய தோட்டங்கள் எத்தனை! சிங்கப்பூரில் கம்பங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்ததும் அதே கதைதான்.

அங்கே வாழ்ந்தவர் பெரும்பாலோர் நாட்குறிப்பு எழுதவில்லை, தன்வரலாறு எழுதவில்லை. அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக எஞ்சியிருப்பது, ஒரு குழந்தையைப் படமெடுக்கும்போது பின்னணியில் தற்செயலாக விழுந்த அந்த லயத்துச் சுவரும் அந்த வேலியும் அந்த மரவரிசையுமே. படம் எடுத்தவர் பிள்ளையைத்தான் எடுத்தார். பிள்ளையோடு ஊரும் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் இன்று பிள்ளையின் பின்னே பனித்திரையைத் தொங்கவிடும்போது மறைப்பது வெறும் சுவரை அன்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் பேரப்பிள்ளைகள் தேடப்போகும் சான்றை மறைக்கிறோம். அவர்கள் படத்தை உற்று உற்றுப் பார்ப்பார்கள். “நம் பாட்டி எங்கே வாழ்ந்தார்?” என்று கேட்பார்கள். ஊசியிலை மரங்கள் என்ன விடை கூறும்?

நாம் செய்ய வேண்டுவன

குறை கூறிவிட்டு ஒதுங்குவது எளிது. ஆசிரியர்க்கு அஃது அழகன்று. பெருஞ்செலவின்றி ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்கவற்றைக் கூறி அமைகிறேன்.

ஆண்டுக்கு நான்கு முறை, நம் பருவம் நான்கில், வீட்டுக்கு அருகே ஒரே இடத்தில், குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய வறண்ட நாளில் ஒன்று, சித்திரைப் புத்தாண்டில் ஒன்று, பழக்காலத்தில் ஒன்று, தீபாவளி முடிந்து மழை இறங்கிய நாளில் ஒன்று. புத்தாடை இருந்தாலும் சரி, பள்ளிச் சீருடை இருந்தாலும் சரி. பின்னணியில் உங்கள் வாசல் தெரிய வேண்டும், அவ்வளவே. அடுக்குமாடியில் வாழ்வோர்க்குத் தாழ்வாரம் இருக்கிறது. கீழ்த்தளத்து மரம் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒன்றையேனும் காகிதத்தில் அச்சிடுங்கள். அதன் பின்புறம், தமிழில், ஐந்து செய்திகளை எழுதுங்கள்: படத்தில் உள்ளோர் பெயர், உறவு, இடம், நாள், பருவம். பழைய தாளாயின் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். இக்காலத்து வழவழப்பான தாளாயின் மை ஊறாத பேனாவால் ஓரத்தில் எழுதலாம். ஒட்டுப்பசைத் தொகுப்பு வேண்டா. நிறத்தைத் தொடாதீர், கடைக்காரரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுக்கு ஒரு கட்டுரைப் பயிற்சியை இதற்கென ஒதுக்குங்கள். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தை எடுத்துக்கொண்டு, குடும்பத்து முதியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, “இது யார்? இஃது எங்கே? அப்போது மழைக்காலமா, இலை கொட்டும் காலமா?” என்று கேட்டு எழுதிவரட்டும். அந்த முதியவர் மறைந்துவிட்டால் அப்படம் லாம்பர்ட் எடுத்த படங்களைப் போன்று பெயரற்றதாகிவிடும். இதில் காலந் தாழ்த்த இடமில்லை.

மாணவச் செல்வங்களே! பனியைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமன்று. வாய்ப்பு வரும்போது பனி பெய்யும் நாட்டுக்குச் சென்று, மெய்யான பனியில் நின்று, மெய்யான படம் எடுத்து வாருங்கள்; நானும் பார்த்து மகிழ்வேன். அதன் பின்புறமும் ஊரையும் நாளையும் எழுத மறவாதீர்.

அந்த இரண்டாவது படத்தைப் பற்றி ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு வந்து சொன்னான். படத்தில் கொள்ளுப்பாட்டியின் இடுப்பில் இருக்கும் எட்டு மாதக் குழந்தை அந்தப் பாட்டியேதான். பால் குறைந்த மாதத்தில் வீட்டில் காசு இல்லையாம். ஆனால் தகப்பனாருக்கு ஓய்வு இருந்ததாம். கடனுக்கு எடுத்துக் கொடுத்த படக்காரருக்கு மூன்று சம்பளங்களில் பணம் கட்டித் தீர்த்தார்களாம். “அந்த இலை கொட்டிய மரத்தைப் பார்த்தால் எனக்கு எங்கம்மா பட்ட பாடு தெரியுது, கண்ணு” என்று சொன்னாராம் பாட்டி. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தாயின் பாட்டை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது அந்த மொட்டை மரவரிசை. அன்று அதன்முன்னே ஒரு திரையை யாரேனும் இழுத்து விட்டிருந்தால்?